தலைவர் இல்லாத துறை

அந்தத் துறைக்குத் தலைவர் கிடையாது. இதைத் தலைவரின் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள டீச்சர் காலையிலிருந்து வராந்தாவில் கால் கடுக்க நிற்க வேண்டியிருந்தது.

பல்கலைக்கழகக் கலைப்புலக் கட்டடத்தின் மாடியில், படியேறியதும் இடது கைப்பக்கம் இருந்தது அதிகாரவியல் துறை. அதிகாரம் என்பது என்ன, அது எங்கே குடியிருக்கிறது, யார் கையிலிருந்து யார் தலைக்குப் போகிறது என்று ஆராய்வதற்காகவே ஏற்பட்ட துறை. கதவில் பழைய பெயர்ப்பலகையைப் பிடுங்கிய இடத்தில் ஆணி ஓட்டைகள் தெரிந்தன. அதற்குக் கீழே பளபளவென்று ஒரு புதுப் பலகை. "இங்கே தலைவர் என்று எவரும் இல்லை" என்று பெரிய எழுத்திலும், "அனுமதி இல்லாமல் உள்ளே வரக்கூடாது" என்று அதைவிடப் பெரிய எழுத்திலும் அதில் எழுதியிருந்தது.

யாருடைய அனுமதி என்று டீச்சர் அங்கே நின்றிருந்த பியூனைக் கேட்டாள்.

"தலைவர் இல்லாதவரோட அனுமதிதாம்மா," என்றார் பியூன். "உள்ளதான் இருக்கார். உங்களை உக்காரச் சொல்லலாம்னா நாற்காலி இல்லை. சமத்துவம் வந்தப்போ வராந்தாவுல இருந்ததை எல்லாம் கீழ கோடவுனுக்கு இறக்கிட்டாங்க."

டீச்சருக்கு நிற்பதும் கஷ்டம், தரையில் உட்காருவதும் கஷ்டம். போன வருஷம் பள்ளிக்கூடப் படியில் விடைத்தாள் கட்டோடு உருண்டு விழுந்ததிலிருந்து அவளுடைய வலது முழங்கால் மடங்க மறுத்தது. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்தக் காலோடு அவள் மாடியேறி வந்ததற்குக் காரணம் அவளுடைய பள்ளிக்கூடத்தின் தாளாளர். பெரிய வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்கள் இந்த வருஷ முடிவுக்குள் மேல்பட்டம் வாங்கியாக வேண்டும், வாங்காதவர்கள் இடத்தைக் காலி செய்யலாம் என்று அவர் அறிவித்துவிட்டார். மேல்பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் சும்மா இருக்கும் மருமகன் ஒருவர் அவருக்கு இருந்தார். அந்த மருமகன் வரலாறு படித்தவர். டீச்சரும் வரலாறுதான். ஆகவே அவள் ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். அவளுக்கு இடம் கிடைத்த ஒரே துறை இதுதான்.

ஒரு வழியாக உள்ளேயிருந்து மணி அடித்தது. அறையின் நடுவில் ஒரு நாற்காலி இருந்தது. கருப்புத் தோல் போட்டு, சக்கரம் வைத்து, ஆள் உயரத்துக்கு முதுகு வைத்த நாற்காலி. அதன் முதுகின்மேல் ஒரு கையை வைத்தபடி பேராசிரியர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மாணவர்கள் இவருக்கு வேண்டாம் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். மேடை வேண்டாம், பட்டம் வேண்டாம், பதவி வேண்டாம், சார் என்று கூப்பிட வேண்டாம் என்று எல்லாவற்றையும் வேண்டாம் என்பவர். அந்த 'சார்' மட்டும் போகவில்லை.

"இந்த நாற்காலியைப் பாருங்க," என்றார் அவர். "இதுல யாரும் உக்காரதில்லை. அதிகாரம்ங்கிறது வெறும் காலி இடம்னு காட்டறதுக்காக வெச்சிருக்கேன். தலைவர் முத்திரையைக்கூடப் போன கருத்தரங்குல எல்லார் முன்னாடியும் ஜன்னல் வழியா வீசிட்டேன்."

டீச்சர் நாற்காலியைப் பார்த்தாள். யாரும் உட்காராத அந்த இருக்கையின் நடுவில், ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து அழுந்திய பள்ளம் நன்றாகத் தெரிந்தது. அதிகாரம் காலியாக இருந்தாலும் கனமானது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

யாரிடம் தேர்வு எழுத வேண்டும், யார் மதிப்பெண் போடுவார்கள் என்று அவள் கேட்டாள். கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டாள் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இந்தத் துறையில் யாரும் முடிவு எடுப்பதில்லை என்று அவர் விளக்கினார். முடிவு தானாக வெளிப்படும். தேர்ச்சியும் அப்படித்தான். எங்கிருந்து வெளிப்படும் என்று அவள் கேட்டதற்கு, அவருடைய கை தன்னையறியாமல் மேஜை இழுப்பறையைத் தடவியது.

வாராவாரம் கருத்தரங்கு நடந்தது. தலைவர் கிடையாது என்பதால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குத் தலைமாடு இல்லை, கால்மாடு இல்லை என்பது கொள்கை. ஆனால் வேண்டாம் சார் எங்கே உட்கார்ந்தாலும் அவருக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் மரியாதைக்காகக் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்களைவிடக் கொஞ்சம் நகர்ந்தார்கள். அரை மணிக்குள் வட்டம் முட்டை வடிவமாகி, அதன் கூர்முனையில் அவர் மட்டும் தனியாக இருப்பார்.

"இந்த அறையில நான் யாருக்கும் மேல இல்லை," என்று அவர் ஒவ்வொரு வாரமும் ஆரம்பிப்பார். "இதை எல்லாரும் எழுதிக்கங்க."

எல்லாரும் எழுதிக்கொள்வார்கள். அவரோடு மாறுபட்டே ஆக வேண்டும் என்று இன்னொரு விதியும் உண்டு. மாறுபடாதவர்களுக்கு அன்றைக்கு வருகைப் பதிவு கிடையாது. அதனால் கருத்தரங்கு முடியும் நேரத்தில் வரிசையாக மாறுபடுவார்கள். ஆய்வுத் தம்பி எப்போதும் முதல் ஆள். வருஷக் கணக்கில் ஆய்வேடு எழுதி, தலை நரைத்து, முன்வழுக்கையும் விழுந்த பிறகும் அவரை எல்லாரும் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். "நான் முழுக்க மாறுபடறேன் சார்," என்பார் அவர். "நீங்க சொன்னது சரின்னு சொன்னீங்க. அது சரியில்லை. அது ரொம்ப ரொம்ப சரி." வேண்டாம் சார் கண்ணை மூடிக்கொண்டு, எதிர்ப்பைத் தாங்கிக்கொள்ளும் பாவனையில் தலையாட்டுவார்.

முட்டை விவகாரம் அவர் மனதை அரித்தது. ஒரு நாள் நாற்காலிகளை வெளியேற்றச் சொன்னார். சொன்னார் என்பது தவறு, அப்படி ஒரு முடிவு வெளிப்பட்டது. இனிமேல் எல்லாரும் தரையில்தான். அவர் உட்கார்ந்ததும் எல்லாரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். டீச்சர் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பியூன் அவளைப் பார்த்துவிட்டுப் போய், கோடவுனிலிருந்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து ஓரமாகப் போட்டார். அவள் நன்றி சொல்லி உட்கார்ந்தாள். தரையிலிருந்த எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

முதலில் பேசியவர் அடிக்குறிப்பு மேடம். துறையில் இவர் இரண்டாவது ஆள், ஆனால் அங்கே முதல் ஆளே இல்லாததால் இவர் எத்தனையாவது என்பது தீராத சிக்கலாக இருந்தது. ஒரு வாக்கியம் பேசினால் அதற்கு மூன்று விளக்கம் சொல்லாமல் இவர் விட்டதில்லை. எல்லாரும் சமமாகத் தரையில் இருக்கும்போது ஒருவர் மட்டும் நம் எல்லார் தலைக்கும் மேலே இருக்கிறாரே, இதை எப்படி வாசிப்பது என்று அவர் சபையைக் கேட்டார்.

"வாசிக்க ஒண்ணும் இல்லைங்க மேடம், முழங்கால் மடங்கலை," என்றாள் டீச்சர்.

"முழங்காலும் ஒரு அரசியல்தான்," என்றார் வேண்டாம் சார், தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தபடி. யாரையும் அண்ணாந்து பார்த்துப் பல வருஷம் ஆனதால் அவருக்குக் கழுத்து வலித்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மலர்ந்தது. துறைக்கு நீண்ட நாளாக ஒரு குறை இருந்தது. அதிகாரத்தை ஆராய்கிறோம், ஆனால் எல்லாரும் அதைத் துறந்துவிட்டதால் ஆராய்வதற்குக் கையில் ஒரு மாதிரிகூட இல்லை. இப்போது அது தானாக வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. டீச்சர் இனி கருத்தரங்கில் அதிகாரமாக இருப்பாள் என்றும், மற்றவர்கள் அவளிடம் அனுமதி கேட்டுக் கேட்டு அடிமைத்தனத்தை உள்ளிருந்து அனுபவித்துக் குறிப்பு எடுப்பார்கள் என்றும் முடிவு வெளிப்பட்டது.

அன்று மாலை வீட்டில் டீச்சர் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இதைச் சொன்னபோது அவள் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். கீழே போவதற்கு இவ்வளவு அடிபிடி என்றால் துறைக்கு ஒரு லிஃப்ட் வைக்கச் சொல், சகாயமாகப் போட்டுத் தருகிறேன் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பட்டம் கிடைத்துவிடும் இல்லையா என்று கேட்டார். வெளிப்படும் என்கிறார்கள் என்றாள் அவள்.

அடுத்த வாரத்திலிருந்து அடிமைத்தனம் ஆரம்பமானது. தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்று ஆய்வுத் தம்பி கேட்டார். "போயிட்டுச் சீக்கிரம் வாங்க," என்றாள் டீச்சர், பழக்கத்தில். எல்லாரும் பரபரவென்று எழுதிக்கொண்டார்கள். அடிக்குறிப்பு மேடம் ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டார், சாத்துங்க என்றாள். ஒருத்தர் பேசும்போது நடுவே இன்னொருத்தர் பேசினால், "ஒவ்வொருத்தரா," என்றாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. வகுப்பில் வாய் அப்படிப் பழகிவிட்டது. அடிமைகளுக்கோ அது பிடித்துப்போயிற்று. பல வருஷத்தில் முதல் தடவையாகக் கருத்தரங்கு நேரத்துக்கு முடிந்து எல்லாரும் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனார்கள்.

வேண்டாம் சாரும் கிண்டலாக ஒரு நாள், தான் ஒரு நிமிஷம் பேசலாமா என்று கைதூக்கிக் கேட்டார். "இருங்க சார், அவர் முடிக்கட்டும்," என்றாள் டீச்சர். அந்த அறையில் வேறு ஒருவர் ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரைக்கும் கொண்டுபோனது அன்றைக்குத்தான். வேண்டாம் சார் தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் அது ஒட்டவைத்தது மாதிரி இருந்தது.

வருஷக் கடைசியில் பெரிய மாநாடு வந்தது. தலைப்பு, 'தாழ்தலின் தத்துவம்'. வெளியூரிலிருந்து ஒரு பேரறிஞரை வரவழைத்திருந்தார்கள். தாழ்மையில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று உலகத்துக்கே அறிவித்துக்கொண்டவர். மாநாட்டு மண்டபத்துக்குள் வந்ததும் வேண்டாம் சார் மேடை ஏறாமல் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேரறிஞர் சட்டென்று மல்லாந்து படுத்துக்கொண்டார். படுத்தபடியே தன் தொடக்க உரையைக் கூரையைப் பார்த்து ஆற்ற ஆரம்பித்தார். அறிஞர் பெருமக்கள் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தார்கள். மண்டபம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் கிடந்தார்கள். டீச்சர் மட்டும் அதிகாரமாகப் பின்சுவர் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

படுத்தவனைவிடக் கீழே போவது எப்படி? வேண்டாம் சார் கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தார். பிறகு தச்சரை அழைத்துவரும்படி ஒரு முடிவு வெளிப்பட்டது. மேடை பலகையால் ஆனது, உள்ளே பொந்து. தச்சர் வந்து பலகைகளைக் கழற்றினார். உடைந்த மைக் கம்பிகளும் எலிப் புழுக்கையும் நிறைந்த அந்தக் குழிக்குள், அறிஞர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வேண்டாம் சார் இறங்கினார். மண்டபத்தின் தரைக்கும் கீழே போனது அந்தக் குழி. தலையும் மறைந்தது. குரல் மட்டும் வந்தது.

"நண்பர்களே, இப்போ நான் உங்க எல்லாருக்கும் கீழ இருக்கேன். எனக்குக் கீழ யாரும் இல்லை. இந்த இடத்தை நான் பாடுபட்டு அடைஞ்சிருக்கேன். இதை யாருக்கும் விட்டுக்குடுக்கமாட்டேன்."

கிடந்தவர்கள் கைதட்டினார்கள். பேரறிஞர் உருண்டு உருண்டு வந்து குழி ஓரத்தில் எட்டிப் பார்த்து, தனக்கும் இடம் உண்டா என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்தது.

உரை நீளமாக ஓடியது. முடிந்ததும் அவர் ஏற முயன்றார். இறங்கும்போது உதவிய தொப்பை ஏறும்போது உதவவில்லை. கொஞ்ச நேரம் உள்ளே சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. பிறகு குரல் கேட்டது.

"யாரையும் நான் கூப்பிடலை. ஆனா யாராவது தானா வந்தா தடுக்கமாட்டேன்."

இது உரையின் இரண்டாம் பகுதி என்று நினைத்து எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். விஷயம் புரிந்தபோது அடுத்த சிக்கல் வந்தது. மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குக் கை கொடுப்பதே ஆதிக்கத்தின் முதல் வடிவம் என்றார் அடிக்குறிப்பு மேடம், இதற்கு மூன்று விளக்கமும் கொடுத்தார். கை கொடுக்காமல் கயிறு கொடுத்தால் அது ஆதிக்கமா என்று ஒருவர் கேட்டார். கயிறு இன்னும் மோசம் என்றார் இன்னொருவர். குழிக்குள் இருப்பவரின் குரலை நாம் கேட்க வேண்டும் என்று பேரறிஞர் வலியுறுத்தினார். குழிக்குள் இருப்பவர் "ஐயோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதற்கென ஒரு குழு அமைக்கலாம் என்று ஆய்வுத் தம்பி முன்மொழிந்தார். குழுவுக்குத் தலைவர் யார் என்பதில் விவாதம் சூடு பிடித்தது.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. உள்ளே ஒரு மனுஷன் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறான். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நீங்க ரெண்டு பேர் அந்தப் பக்கம் போங்க. தம்பி, நீங்க தோளைப் பிடிங்க. சார், பேசாம கையைத் தூக்குங்க."

படுத்திருந்தவர்கள் துள்ளி எழுந்தார்கள். ஒரே இழுப்பு. வேண்டாம் சார் சட்டை கிழிந்து, தலையில் ஒட்டடையோடு, வயிறு பலகையில் உரச வெளியே வந்து குப்புற விழுந்தார். மண்டபம் அதிரக் கைதட்டல். அவருடைய உரைக்குக்கூட அவ்வளவு கைதட்டல் கிடைக்கவில்லை. அவர் ஒட்டடையைத் துடைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்த பார்வை டீச்சருக்குப் பிடிபடவில்லை. நன்றி சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்தாள், பாவம்.

தேர்வு முடிவுகள் வெளிப்பட்டன. டீச்சரின் பெயருக்கு எதிரே 'தேர்ச்சி வெளிப்படவில்லை' என்று இருந்தது. அவள் எழுதிய கட்டுரை, பேசிய பேச்சு எதிலும் குறை இல்லை என்று பியூன் மூலம் தெரிந்தது. மாநாட்டில் அவள் ஆணையிடும் போக்கைக் காட்டினாள், அதிகாரத்தை நடிக்கச் சொன்னால் நிஜமாகவே எடுத்துக்கொண்டாள் என்பதுதான் காரணம்.

அவள் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனாள். பதிவாளர் நல்ல மனுஷன், பொறுமையாகக் கேட்டார். துறைத் தலைவர் மதிப்பெண் தாளில் திருத்திக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தால் அன்றைக்கே பட்டம் கொடுத்துவிடலாம் என்றார். அவள் நொண்டிக்கொண்டு மாடியேறி வேண்டாம் சாரிடம் வந்தாள். "தலைவரா? அப்படி யாரும் இல்லையேம்மா," என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு. "இருந்தா நானே சிபாரிசு பண்ணுவேன்." அவள் திரும்பவும் கீழே போனாள். தலைவர் இல்லாமல் எப்படி என்றார் பதிவாளர். திரும்பவும் மேலே. இப்படிப் படி ஏறி இறங்கியதில் முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. தாளாளரின் மருமகன் இதற்குள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, அவளுடைய வகுப்பறை ஜன்னலுக்குத் திரை வேண்டும் என்று அளவெடுத்துவிட்டுப் போனதாக வீட்டுக்குத் தகவல் வந்தது. அன்றைக்கு அவள் அழுதாள். கொடுமைக்காரன் ஒருவன் எதிரே இருந்தால் அவன் காலிலாவது விழலாம், கையையாவது கடிக்கலாம். இங்கே கால் யாருடையது, கை யாருடையது என்றே தெரியவில்லை.

கெடு முடியும் நாளில் கடைசியாக ஒரு தடவை கெஞ்சிப் பார்க்கலாம் என்று மதிப்பெண் தாளோடு மாடியேறினாள். ஏறி முடித்ததும் கால் இனி ஒரு அடிகூட வைக்கமாட்டேன் என்றது. உட்கார இடம் தேடினாள். அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலி வராந்தாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. 'அதிகாரத்தின் இருக்கை, தொடாதீர்கள்' என்று அதன்மேல் எழுதி ஒட்டியிருந்தார்கள். கருத்தரங்கு அறையில் தரைதான். வேண்டாம் சாரின் அறை திறந்திருந்தது. அவர் வேறெங்கோ தாழ்ந்துகொண்டிருந்தார். அந்த மாடி முழுவதிலும் மிச்சமிருந்த ஒரே நாற்காலி அந்தக் கருப்பு நாற்காலிதான். வலியில் அவளுக்கு யோசனை ஓடவில்லை. போய் உட்கார்ந்தாள். அப்பாடா என்று இருந்தது.

பியூன் டீயோடு உள்ளே வந்தார். வருஷக்கணக்காக அந்த நேரத்துக்கு அந்த நாற்காலிக்கு முன்னால் டீ வைத்துப் பழகியவர். நிமிர்ந்து பார்க்காமலே வைத்துவிட்டு, நாளைக்கு மண்டபத்தை எப்போது திறக்கட்டும் என்று கேட்டார். வழக்கமான நேரத்துக்கே திறங்க என்றாள் டீச்சர். சரிம்மா என்று போனார்.

அடுத்து அடிக்குறிப்பு மேடம் வந்தார். நாற்காலியில் ஆள் மாறியிருப்பதைப் பார்த்து வாசலில் தயங்கினார். ஆனால் அவருக்கு லீவு அவசரம், சாயங்காலம் வண்டிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. நாற்காலியில் யாரோ இருக்கிறார்கள், அதுவே போதும் என்று அவருடைய படிப்பு அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். லீவு கேட்டார். பாடத்தை யாருக்காவது மாற்றிவிட்டுப் போங்கள் என்றாள் டீச்சர். மேடம் வாழ்க்கையில் முதல் முறையாக விளக்கம் எதுவும் சேர்க்காமல் நன்றி சொன்னார். அவர் வெளியே போய்ச் சொன்னாரோ என்னவோ, வாசலில் வரிசை நின்றுவிட்டது. கடைசியில் ஆய்வுத் தம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்தார்.

"என் ஆய்வேட்டைக் குடுக்கலாமாங்க?"

"எழுதி முடிச்சுட்டீங்களா?"

"முடிச்சு ரொம்ப காலம் ஆச்சு. குடுன்னு யாரும் சொல்லலை."

"அப்போ குடுத்துடுங்க."

நரைத்த தலையைக் குனிந்துகொண்டு அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த நேரம் பார்த்து வரிசையை விலக்கிக்கொண்டு வேண்டாம் சார் உள்ளே வந்தார்.

நாற்காலியையும் அதில் இருந்தவளையும் பார்த்து அவர் வெலவெலத்துப் போனார். ஆனால் படித்தவர் அல்லவா, கொள்கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகத்தான் ஆரம்பித்தார்.

"இந்த நாற்காலி யாருக்கும் சொந்தமில்லைம்மா."

"அதனாலதான் சார் உக்காந்தேன். கால் வலி."

"இதுல யாரும் உக்காரக்கூடாது."

"யாரு சொன்னது சார்?"

அவள் மரியாதையாகத்தான் கேட்டாள், தெரிந்துகொள்வதற்காக. வாசலில் நின்றவர்களும் அதைத் தெரிந்துகொள்ள விரும்பினார்கள் என்பது அவர்கள் கழுத்து நீண்டதில் தெரிந்தது. முடிவு எதுவும் தானாக வெளிப்படவில்லை. வேண்டாம் சார் மேஜைமேல் இருந்த டீயைப் பார்த்தார். அது அவருடைய டீ. அதில் பாதியை அவள் குடித்திருந்தாள். அங்கேதான் அவருக்கு எல்லாம் அறுந்தது.

"நான் சொன்னேன். இந்தத் துறைக்கு நான்தான் தலைவர். இது என் நாற்காலி. எந்திரி."

வாசலில் நின்றவர்கள் சட்டென்று விறைப்பாக நிமிர்ந்து நின்றார்கள். காணாமல் போன அப்பா வீடு திரும்பிவிட்டார் என்ற நிம்மதி அத்தனை பேர் முகத்திலும் தெரிந்தது. ஒருவர் கும்பிடக்கூடக் கையெடுத்தார்.

டீச்சர் உடனே எழுந்தாள். முழங்கால் சொடக்கென்றது. நாற்காலியைவிட்டு ஓரமாக நகர்ந்து நின்று, கையிலிருந்த மதிப்பெண் தாளை மேஜைமேல் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"தலைவர்தான் கையெழுத்துப் போடணும்னு பதிவாளர் சொன்னார். உங்களைத்தான் சார் இத்தனை நாளாத் தேடிட்டிருந்தேன்."

அவர் தாளைத் தள்ளப் பார்த்தார்.

"போடலைன்னாலும் பரவாயில்லை சார். ஏன் போடலைன்னு உங்க பேர்ல ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க. குழியில இருந்து தூக்கிவிட்டதையும் சேர்த்து எழுதுங்க. நான் கீழ போய்க் காட்டிக்கறேன்."

அவர் வாசலைப் பார்த்தார். அத்தனை கண்களும் அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தன, குறிப்பு எடுக்க நோட்டும் தயாராக இருந்தது. பிறகு குனிந்து, 'தேர்ச்சி' என்று திருத்தி, கீழே கையெழுத்துப் போட்டார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்தார். உள்ளே முத்திரை இருந்தது. ஜன்னல் வழியாக வீசியது பழைய முத்திரை போலிருக்கிறது. மைத்திண்டில் மை காயாமல் இருந்தது. டொக்கென்று குத்தினார். 'துறைத் தலைவர்' என்று எழுத்து சுத்தமாக விழுந்தது.

டீச்சர் தாளை எடுத்து, மை கலையாமல் வாயால் ஊதினாள். வேண்டாம் சார் என்ன செய்வதென்று தெரியாமல் மேஜை ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தார். உட்காருவதா, தரையில் இறங்குவதா, அழுவதா என்று அவருக்கே விளங்கவில்லை. எத்தனையோ பிள்ளைகள் விடை தெரியாமல் இப்படி நிற்பதை டீச்சர் பார்த்திருக்கிறாள்.

"ம், உக்காருங்க," என்றாள்.

அவர் உட்கார்ந்தார்.